துருவும் எண்ணெயும்: ஒரு பட்டறைப் பாடம்

சீனப் பெருநாள் விடுமுறைக்காக நான்கு நாள் மூடியிருந்த பட்டறையை அன்று காலைதான் திறந்தார்கள். விடுமுறைக்கு முன்தினம் கடைந்து முடித்த 240 எஃகு புஷ்கள் மேசைமேல் வரிசையாக இருந்தன. பளபளவென்று இருக்க வேண்டியவற்றில் பழுப்புப் புள்ளிகள் பூத்திருந்தன. சிலவற்றில் விரல் ரேகை அப்படியே துருவாகப் பதிந்திருந்தது. அந்த ரேகைகள் என்னுடையவை.

இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டில் சுபாங் ஜெயாவிலுள்ள ஒரு சிறிய பட்டறையில் பத்து வாரத் தொழிற்பயிற்சி பெற்றேன். இரண்டு லேத்துகள், மூன்று சி.என்.சி. இயந்திரங்கள், ஒன்பது தொழிலாளர்கள். அவ்வளவுதான் பட்டறை. இயந்திரத் தொட்டிகளில் கூலன்ட் குறைந்தால் நிரப்புவது என் பொறுப்பு. இரண்டு வாரமாகக் குழாய்த் தண்ணீரை மட்டுமே ஊற்றி நிரப்பியிருந்தேன். பொருள்களை வெறுங்கையால் எடுத்து அடுக்கியவனும் நானே.

மூத்த தொழிலாளரான அண்ணன் ஒரு புஷ்ஷை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "வெறும் தண்ணிய ஊத்துனா இரும்பு சும்மா இருக்குமா தம்பி?" என்றார். அதற்குமேல் ஒரு சொல் திட்டவில்லை. தவுக்கே மட்டும் கணிப்பானை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடி நான் கற்றவற்றையே இங்குப் பகிர்ந்துகொள்கிறேன். பொறியியல் படிக்காத நண்பர்களும் தொடர்ந்து வாசிக்கலாம். ஏனெனில் இது இரும்பைப் பற்றிய கதை மட்டுமன்று, அந்த இரும்பைத் தொடும் கைகளைப் பற்றியதும்தான்.

துரு பிறக்கும் விதம்

இரும்பு துருப்பிடிக்க இரண்டு பொருள்கள் தேவை. ஒன்று தண்ணீர், மற்றொன்று உயிர்வளி. இவ்விரண்டும் சேர்ந்தால் இரும்பின் மேற்பரப்பிலேயே ஒரு சிறு மின்கலம் உருவாகிறது. ஓரிடத்தில் இரும்பு அணு மின்னணுக்களை இழந்து நீரில் கரைகிறது. வேறோர் இடத்தில் உயிர்வளியும் நீரும் அந்த மின்னணுக்களை ஏற்றுக்கொள்கின்றன. கரைந்த இரும்பு மேலும் உயிர்வளியோடு சேர்ந்து பழுப்பு நிறத் துருவாகப் படிகிறது. அந்த நீரில் உப்பு கலந்திருந்தால் மின்சாரம் எளிதாகப் பாய்ந்து துரு விரைந்து வளரும். வியர்வையில் உப்பு இருப்பதால்தான் என் விரல் ரேகை அந்த எஃகில் எழுதப்பட்டது.

காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத் தாண்டினாலே எஃகின்மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிந்து அரிப்பு வேகமெடுக்கும். கிள்ளான் பள்ளத்தாக்கிலோ சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். ஆக, இங்குள்ள பட்டறைகளுக்குத் துரு என்றோ வரும் விருந்தாளியல்ல, கூடவே குடியிருப்பவர்.

தோட்டத்தில் பால்மரம் சீவிய நம் பாட்டிமார், வேலை முடிந்ததும் உளியைத் துடைத்துச் சிறிது எண்ணெய் தடவி வைப்பார்கள். இரும்புக்கும் ஈரக்காற்றுக்கும் நடுவே ஒரு மெல்லிய திரையிடுவதே அதன் தத்துவம். இன்றைய துருத்தடுப்பு வேதியியல் முழுவதும் இந்தத் திரையின் விரிவாக்கம்தான்.

தண்ணீரை ஏன் ஊற்ற வேண்டும்?

தண்ணீர்தான் துருவுக்குக் காரணமென்றால் அதை இயந்திரத்தில் ஊற்றுவானேன்? வெட்டுளி எஃகைச் சீவும்போது கடும் வெப்பம் பிறக்கிறது. அதைத் தணிக்காவிட்டால் உளி மழுங்கும், அளவும் பிசகும். 1880களில் அமெரிக்காவின் மிட்வேல் எஃகு ஆலையில் பணியாற்றிய ஃபிரெடரிக் டெய்லர், உளிமுனையில் தண்ணீரைத் தாராளமாகப் பாய்ச்சினால் வெட்டும் வேகத்தை 30 முதல் 40 விழுக்காடு வரை கூட்டலாம் எனக் கண்டார். 1906இல் அவர் வெளியிட்ட நீண்ட ஆய்வுரையில் இச்செய்தி இருக்கிறது. துருவைத் தடுக்க அந்தத் தண்ணீரில் சோடா உப்பைக் கரைத்ததாகவும் அவர் எழுதியிருக்கிறார். வெட்டும் தண்ணீரும் துருத்தடுப்பானும் ஏறக்குறைய ஒன்றாகவே பிறந்தன என்று சொல்லலாம்.

இன்றைய கூலன்ட் பார்ப்பதற்கு நீர்த்த பால் போலிருக்கும். அதில் 90 முதல் 95 விழுக்காடு தண்ணீர். மீதியுள்ள 5 முதல் 10 விழுக்காடுதான் மூலக்கரைசல். அதற்குள் உராய்வைக் குறைக்கும் எண்ணெய், எண்ணெயை நீரில் கலக்கவைக்கும் பால்மமாக்கி, துருத்தடுப்பான், கடும் அழுத்தத்தைத் தாங்கும் சேர்க்கை, நுண்ணுயிர்க் கொல்லி எனப் பல பொருள்கள் இருக்கின்றன. தண்ணீர் குளிர்விக்கிறது, மற்றவை அந்தத் தண்ணீர் விளைவிக்கும் தீங்கைத் தடுக்கின்றன. நான் செய்த தவறு இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். வெறும் தண்ணீரை ஊற்ற ஊற்றக் காவலர்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே போயிற்று.

பழைய காவலர்களும் அவர்கள் செய்த தீங்கும்

நெடுங்காலம் சோடியம் நைட்ரைட்டு என்னும் உப்பே மலிவான, திறமான துருத்தடுப்பானாக விளங்கியது. ஆனால் கூலன்டில் கார நிலையைக் காக்கச் சேர்க்கப்படும் சில அமீன்களோடு அது வினைபுரிந்து நைட்ரோசமீன் என்னும் பொருளை உருவாக்குவது 1970களில் தெரியவந்தது. நைட்ரோசமீன் வகைப் பொருள்கள் பல விலங்குகளில் புற்றுநோயை உண்டாக்குபவை. துருவைத் தடுக்க ஊற்றியது ஊற்றியவரையே தீண்டக்கூடும் என்ற நிலை எழுந்ததால் பல நாடுகளில் நைட்ரைட்டு படிப்படியாக விலக்கப்பட்டது. அதன் இடத்திற்குப் போரிக் அமிலத்தையும் அமீனையும் இணைத்த சேர்க்கைகள் வந்தன. 2010இல் ஐரோப்பிய ஒன்றியம் போரிக் அமிலத்தையும், இனப்பெருக்கத்திற்குத் தீங்கு தரும் என்பதால், மிகுந்த கவனத்திற்குரிய பொருள்களின் பட்டியலில் சேர்த்தது.

கடும் அழுத்தத்தைத் தாங்கக் கலக்கப்பட்ட குளோரின் ஏற்றிய பாரஃபின்களின் கதையும் இத்தகையதே. இவை எளிதில் சிதையாமல் மண்ணிலும் மீனிலும் சேர்ந்துகொண்டே போகும். ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப் பட்டியலில் குறுஞ்சங்கிலி வகை 2017இலும் நடுத்தரச் சங்கிலி வகை 2025இலும் சேர்க்கப்பட்டன. மேலும், இவை சிதையும்போது வெளிப்படும் ஐதரோகுளோரிக் அமிலம் எஃகை அரிக்கவும் செய்யும்.

இவையெல்லாம் ஏட்டுச் செய்திகள் என்று நினைத்திருந்தேன், அண்ணனின் கைகளைப் பார்க்கும்வரை. விரலிடுக்குகளில் தோல் வெடித்துச் சிவந்திருக்கும். மதியம் சோறு பிசையும்போது எரியும் என்பதால் கரண்டியால்தான் சாப்பிடுவார். கூலன்டின் காரத்தன்மை தோலின் இயல்பான எண்ணெய்ப்பசையை நீக்கிவிடுகிறது. சிலவகை நுண்ணுயிர்க் கொல்லிகள் ஒவ்வாமையையும் உண்டாக்கும். நாள்தோறும் எட்டு மணி நேரம் நனையும் கைக்கு ஓய்வேது?

செம்பனையும் ஆமணக்கும்

அண்ணன் பிறந்தது சீபீல்டு தோட்டத்தில். 1976இல் சுபாங் ஜெயா நகரின் கட்டுமானம் தொடங்கியது அந்தத் தோட்டத்து நிலத்தில்தான். தோட்டம் மறைந்து நகரம் எழுந்தாலும், சீபீல்டு தோட்டத் தமிழ்ப்பள்ளி இன்னும் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. கித்தாவும் செம்பனையும் நின்ற மண்ணில் வளர்ந்தவர்கள் பலர் ஷா ஆலாம், பூச்சோங், சுங்கை வே தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போனார்கள். இப்போது செம்பனையும் அவர்களைத் தேடிப் பட்டறைக்குள் வந்துவிட்டது.

இந்நாட்டில் வாணிக நோக்கில் செம்பனை முதன்முதலாகப் பயிரிடப்பட்டது 1917இல், சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில். பயிரிட்டவர் ஹென்றி ஃபோகோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். சமையலுக்கும் சவர்க்காரத்திற்கும் பயன்பட்ட அந்த எண்ணெயை இயந்திரத்திற்கும் ஏற்றதாக மாற்றும் ஆய்வுகள் மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்திலும் மலேசிய புத்ரா பல்கலைக்கழகத்திலும் நடந்துள்ளன.

தாவர எண்ணெயின் மூலக்கூற்றில் உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் முனையும் நீண்ட வாலும் உண்டு. முனைகள் உலோகத்தில் ஒட்ட, வால்கள் அடர்ந்த புல்வெளி போல நிமிர்ந்து நிற்கும். இதனால் அது கனிம எண்ணெயைவிட நன்றாக வழுக்கும். மண்ணிலோ நீரிலோ சிந்தினால் விரைவாகச் சிதையவும் செய்யும். ஆனால் செம்பனை எண்ணெயை அப்படியே ஊற்றிவிட முடியாது. வெப்பத்தில் அது காற்றோடு வினைபுரிந்து கெடும், தண்ணீரில் பிரிந்து கொழுப்பு அமிலமாகும். எனவே அதிலுள்ள கிளிசரால் என்னும் முதுகெலும்பை நீக்கிவிட்டு, டிரைமெதிலால்புரொப்பேன் என்னும் உறுதியான முதுகெலும்பைப் பொருத்துகிறார்கள். அப்படிக் கிடைக்கும் எஸ்டர் வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்கும்.

துருத்தடுப்புக்கும் தாவரத்திலிருந்தே ஒரு வழி உண்டு. நம் வீடுகளில் விளக்கெண்ணெய் என்று அழைக்கும் ஆமணக்கு எண்ணெயைக் காரத்தோடு சேர்த்துச் சூடாக்கிப் பிளந்தால் செபாசிக் அமிலம் கிடைக்கிறது. பத்துக் கரிம அணுக்கள் கொண்ட இதன் இரு முனைகளிலும் அமிலத் தலைகள் உள்ளன. அமீனோடு சேர்த்து நடுநிலையாக்கித் தண்ணீரில் கரைத்தால், அது எஃகின்மேல் படிந்து மெல்லிய திரையாகிவிடும். நைட்ரைட்டும் போரானும் இல்லாத கூலன்டுகள் பலவற்றில் இத்தகைய அமிலங்களே காவல் காக்கின்றன. பாட்டி உளிக்கு எண்ணெய் தடவியதை நினைத்துக்கொண்டேன்.

ஒரு சிறு சோதனை

எண்ணெய் விற்பனையாளர் ஒருவர் செம்பனை எஸ்டர் அடிப்படையிலான மூலக்கரைசலின் மாதிரியைக் கொண்டுவந்தார். டின்மேல் பச்சை இலைப் படம். "படத்தைப் பாத்து வாங்கச் சொல்றியா?" என்று தவுக்கே கேட்டார். நியாயமான கேள்வி. ஆகவே சோதித்துப் பார்க்க முடிவு செய்தேன்.

ஜெர்மானியத் தரமான டி.ஐ.என். 51360 கூறும் முறை மிக எளியது. கண்ணாடித் தட்டில் வடிதாளை விரித்து, 2 கிராம் வார்ப்பிரும்புச் சீவலைப் பரப்பி, 2 மில்லிலிட்டர் கூலன்டை அதன்மேல் விட்டு மூடிவைக்க வேண்டும். 2 மணி நேரம் கழித்துச் சீவலைக் கொட்டி, தாளைக் கழுவி, பழுப்புக் கறை எவ்வளவு என்று பார்க்க வேண்டும். வார்ப்பிரும்புச் சீவல் எளிதில் துருப்பிடிப்பதால் அது நல்ல சாட்சி.

வெறும் தண்ணீர் விட்ட தாள் புலித்தோல் போலக் கறைபட்டது. என்னால் நீர்த்துப்போன பழைய கூலன்டும் அதற்குச் சளைக்கவில்லை. அதே பழைய கூலன்டைச் சரியான செறிவில் கலந்தபோது கறை இல்லை. புதிய செம்பனைக் கூலன்ட் 4 விழுக்காட்டில் ஓரிரு புள்ளிகளைக் காட்டியது, 8 விழுக்காட்டில் தாள் வெண்மையாக இருந்தது.

இதிலிருந்து நான் உணர்ந்தது இதுதான். பச்சை என்பதால் ஒரு பொருள் துருவைத் தடுத்துவிடாது, பழையது என்பதால் தோற்றும் போகாது. எந்தக் காவலராயினும் போதிய எண்ணிக்கையில் இருந்தால்தான் காவல். அப்படியானால் புதியதற்கு மாறுவது ஏன்? இரும்புக்காக இல்லை, கைக்காகவும் ஆற்றுக்காகவும்.

ஐந்து நிமிடப் பராமரிப்பு

தாவர எண்ணெய்க் கூலன்டில் ஒரு முரண் உண்டு. ஆற்றில் விரைவில் சிதைய வேண்டிய பொருள் தொட்டிக்குள் சிதையக் கூடாது. நுண்ணுயிர்களுக்கு ஆறு என்றும் தொட்டி என்றும் வேறுபாடு தெரியாது. விடுமுறையில் கூலன்ட் ஓடாமல் தேங்கினால், இயந்திரத்திலிருந்து கசிந்த எண்ணெய் மேலே மிதந்து காற்றை அடைத்துவிடும். காற்றில்லா இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் பெருகி, அழுகிய முட்டை நாற்றம் வீசும். அவை வெளியிடும் அமிலத்தால் பி.எச். அளவு இறங்கும். பி.எச். இறங்கினால் துரு ஏறும். ஆகவே பராமரிப்பில்லாத பட்டறையில் பசுமைக் கூலன்ட் மற்றதைவிட விரைவாகக் கெட்டு, விரைவாகக் குப்பையாகும்.

மேசை இழுப்பறையில் தூசி படிந்து கிடந்த ஒளிவிலகல்மானியை அண்ணன் எடுத்துக் கொடுத்தார். ஒரு துளி கூலன்டை அதில் விட்டு வெளிச்சத்தை நோக்கிப் பார்த்தால் ஓர் எண் தெரியும். அந்தப் பொருளுக்குரிய காரணியால் அதைப் பெருக்கினால் செறிவு கிடைக்கும். 7 இருக்க வேண்டிய இடத்தில் என் தொட்டி காட்டியது இரண்டரை. அன்று முதல் நாள்தோறும் செறிவையும், வாரமொருமுறை பி.எச். தாளால் கார நிலையையும் குறித்துவந்தேன். பி.எச். 8.5 முதல் 9.5 வரை இருந்தால் நலம். அதற்குமேல் போனால் தோலுக்குக் கேடு, கீழே போனால் இரும்புக்குக் கேடு.

தொட்டி வற்றும்போது தண்ணீர் ஆவியாகிப் போவதோடு, சீவலோடும் பொருளோடும் எண்ணெயும் ஒட்டிக்கொண்டு போகிறது. ஆகவே நிரப்பும்போது வெறும் தண்ணீரை ஊற்றாமல் நீர்த்த கலவையை ஊற்ற வேண்டும். கலக்கும்போது தண்ணீரில்தான் மூலக்கரைசலை ஊற்ற வேண்டும். மாற்றிச் செய்தால் மோர் திரிந்ததுபோல் ஆகிவிடும். மிதக்கும் எண்ணெயை அகற்ற வேண்டும், விடுமுறையிலும் கூலன்டை இடையிடையே சுழலவிட வேண்டும். முடித்த பொருள்களைத் துடைத்து உலர்த்தி, துருத்தடுப்பு எண்ணெய் பூசி வைக்க வேண்டும். அவற்றைத் தொடும்போது கையுறை அணியலாம். ஆனால் சுழலும் லேத்தின் அருகே கையுறை ஆகவே ஆகாது. இழுத்துக்கொண்டால் விரல் போய்விடும். அங்கே கைகளுக்குக் காப்புக் களிம்பும், வேலை முடிந்ததும் மென்மையான சவர்க்காரமும்தான் துணை.

எங்கே போகிறது இந்தத் தண்ணீர்?

கெட்டுப்போன கூலன்டைக் கால்வாயில் ஊற்றக் கூடாது. மலேசியாவின் 2005ஆம் ஆண்டுத் திட்டமிடப்பட்ட கழிவு விதிமுறைகளின்படி, பயன்படுத்திய கனிம எண்ணெய்-நீர்ப் பால்மம் எஸ்.டபிள்யூ. 307 என்னும் குறியீட்டைப் பெறுகிறது. இத்தகைய கழிவை உரிமம் பெற்றவர்களிடமே ஒப்படைக்க வேண்டும், 180 நாள்களுக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. தாவர எண்ணெய்தானே என்று புதிய கூலன்டைக் கொட்டிவிடவும் முடியாது. பயன்படுத்திய கூலன்டில் உலோகத் துகளும் கொல்லிகளும் கசிந்த எண்ணெயும் கலந்திருக்கும்.

2020 செப்டம்பரில் ரவாங் வட்டாரத்தின் சுங்கை கோங் ஆறு மாசுபட்டதால் சிலாங்கூர் ஆற்று நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. கிள்ளான் பள்ளத்தாக்கில் பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட குடிநீர் இணைப்புகள் வறண்டன. வாளியோடு தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த நினைவு நம்மில் பலருக்கும் இருக்கும். நம் வீட்டுக் குழாய்க்கும் எங்கோ ஒரு தொழிற்சாலைக் கால்வாய்க்கும் உள்ள தொலைவு எவ்வளவு குறைவு என்பதை அந்நாள்கள் காட்டின. கூலன்டை இருமடங்குக் காலம் கெடாமல் வைத்திருந்தால் கழிவு பாதியாகும். நிலைத்தன்மை என்று நாம் பேசுவதில் பெரும்பங்கு இதுவே.

செம்பனை என்றாலே பசுமை என்றும் கொண்டாடிவிட முடியாது. காட்டை அழித்து நட்ட மரத்தின் எண்ணெய்க்கு அந்தப் பெயர் பொருந்தாது. இதனால்தான் 2004இல் நிலையான செம்பனை எண்ணெய்க்கான வட்டமேசை அமைப்பு தொடங்கப்பட்டது. மலேசியாவின் எம்.எஸ்.பி.ஓ. சான்றிதழ் 2020 முதல் கட்டாயமாக்கப்பட்டது. எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று கேட்பதும் பொறியாளரின் வேலைதான்.

தமிழில் ஒரு தாள்

ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் 16 பகுதிகள் கொண்ட பாதுகாப்புத் தரவுத் தாள் உண்டு. 2013ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, ஆபத்தான வேதிப்பொருளை விற்பவர் அதை மலாயிலும் ஆங்கிலத்திலும் தர வேண்டும். எங்கள் பட்டறையிலும் அது இருந்தது, தவுக்கேயின் கோப்பில். முப்பது ஆண்டுகளாகக் கூலன்டில் கை நனைத்த அண்ணன் ஒருமுறையும் அதைப் பார்த்ததில்லை. மலாய் பேசுவார். ஆனால் வேதியியல் சொற்கள் நிறைந்த பக்கங்களைப் படிக்கும் பழக்கம் இல்லை. தமிழ் நாளிதழை மட்டும் வரி விடாமல் படிப்பார்.

எனவே ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, பழைய கூலன்டின் தாளில் ஆபத்து, உட்பொருள், தற்காப்பு, கழிவகற்றல் ஆகிய பகுதிகளை ஒரே பக்கத்தில் தமிழில் எழுதினேன். கீழே, செறிவும் பி.எச். அளவும் குறிக்க ஒரு கட்டம் வரைந்தேன். மொழிபெயர்ப்பது எளிதாக இல்லை. 'தோலை உணர்திறனாக்கும்' என்று முதலில் எழுதியிருந்தேன். அண்ணன் படித்துவிட்டு, "இதுக்கு என்னா அர்த்தம்?" என்றார். அடித்துவிட்டு, 'பழகப் பழக அரிப்பும் புண்ணும் வரலாம்' என்று எழுதினேன். அவர் சற்று நேரம் தாளையும் தம் கையையும் மாறிமாறிப் பார்த்தார்.

"இது மொதல்லயே தெரிஞ்சிருந்தா..." என்று தொடங்கியவர், முடிக்கவில்லை.

தாளை இயந்திரத்தின் பக்கத்தில் ஒட்டினோம். அடுத்த வாரம் நேப்பாளத் தொழிலாளர் ஒருவர் வந்து, தம் மொழியில் எழுதினால் இவ்வாறே ஒட்டலாமா என்று கேட்டார். அவரே எழுதினார். இப்போது இரண்டு தாள்கள்.

பயிற்சி முடியும் தறுவாயில் தவுக்கே ஓர் இயந்திரத்தில் மட்டும் செம்பனைக் கூலன்டை ஊற்றிப் பார்க்கச் சம்மதித்தார். விலை கூடுதல்தான். உளி கூடுதல் நாள் உழைத்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றார். சென்ற மாதம் அவ்வழியாகச் சென்றபோது உள்ளே எட்டிப் பார்த்தேன். தாளில் எண்ணெய்க் கறை படிந்திருந்தது. ஆனால் கட்டங்கள் அன்றைய தேதி வரை அண்ணனின் கையெழுத்தில் நிரம்பியிருந்தன. வெடிப்புகள் முழுவதும் ஆறவில்லை. களிம்பாலா, கூலன்டாலா என்று சொல்லத் தெரியவில்லை, குறைந்திருக்கிறது என்றார்.

நண்பர்களே, தமிழ் மொழிக் கழகத்தில் நாம் கவிதைக்கும் பேச்சுக்கும் நாடகத்திற்கும் நேரம் ஒதுக்குகிறோம். ஒதுக்கத்தான் வேண்டும். அதோடு, நம் குடும்பத்தில் யாரேனும் பட்டறையிலோ தொழிற்சாலையிலோ வேலை செய்தால், அவர் கைபடும் பொருளின் தரவுத் தாளை ஒருமுறை கேட்டு வாங்குங்கள். அதை அவருக்குப் புரியும் தமிழில் ஒரு பக்கத்திற்குள் எழுதிக் கொடுங்கள். எனக்கு அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமானதாக இருந்தது.